நீர்ச்சறுக்குப் படகு: பிறப்பும் மறுபிறப்பும்

அமெரிக்காவில் ஏரிகள் நிறைந்த மாநிலங்களில் கோடைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது ஒரு வகை விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். 1980களில் செய்த ஸ்கீ படகு, ட்ரெய்லருடன் சேர்த்து விற்பனைக்கு, எஞ்சின் நன்றாக ஓடும், சில்லறை வேலைகள் மட்டும் பாக்கி என்று எழுதியிருக்கும். விலையும் புதுப் படகின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாக இருக்கும். ஆசைப்பட்டுப் போய்ப் பார்ப்பவருக்குப் படகு நன்றாகத்தான் தெரியும். மெழுகு போட்டுத் தேய்த்த மேனி பளபளக்கும்.

விஷயம் தெரிந்தவர் அந்தப் பளபளப்பைப் பார்ப்பதில்லை. கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு குனிந்து, எஞ்சினைத் தாங்கும் கட்டைகளை மெதுவாகத் தட்டிப் பார்ப்பார். "டொக் டொக்" என்று கேட்டால் நல்லது. "பொத் பொத்" என்று கேட்டால் உள்ளே மரம் மக்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் அந்தப் படகுக்குச் சில்லறை வேலை போதாது. ஏறக்குறைய மறுபிறவியே தேவை.

ஃபைபரில் செய்த படகுக்குள் மரம் எப்படி வந்தது? கார் எஞ்சின் எப்படி வந்தது? ஒரு மனிதனைக் கயிற்றில் கட்டி இழுப்பதற்கென்றே தனியாக ஒரு படகு எதற்கு? இதற்கெல்லாம் பதில் தேட சுமார் நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

எட்டடிப் பலகை

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு நடுவே மிசிசிப்பி ஆறு ஓரிடத்தில் அகன்று ஏரி போல விரிகிறது. அதன் பெயர் லேக் பெப்பின். அதன் கரையில் லேக் சிட்டி என்ற சிறு ஊர். 1922 கோடையில் அந்த ஊரில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞருக்கு ஒரு யோசனை வந்தது. பனியில் பலகை கட்டிச் சறுக்க முடியும் என்றால் தண்ணீரில் ஏன் முடியாது?

முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார். மூழ்கின. பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார். அவையும் மூழ்கின. பிறகு எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் மரப் பலகைகளை வாங்கினார். நுனிகளைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து மென்மையாக்கி மேல்நோக்கி வளைத்தார். கால் நுழைக்கத் தோல் பட்டை. இழுக்க ஜன்னல்களில் பயன்படும் கயிறு சுமார் 100 அடி. பிடித்துக்கொள்ளக் கொல்லர் செய்து கொடுத்த இரும்பு வளையம். அண்ணன் பென் படகை ஓட்டினார். அது வேலைக்குப் பயன்பட்ட சாதாரணப் படகு. வேகமும் அதிகமில்லை.

பல நாள் விழுந்து எழுந்த பிறகு, ஜூலை 2ஆம் தேதி, பின்பக்கம் சாய்ந்து பலகைகளின் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துப் பார்த்தார் சாமுவேல்சன். படகு இழுத்தது. அவர் தண்ணீர் மேல் நின்றார்! மறுநாள் அவருக்கு 19 வயது பிறந்தது.

1925இல் சாய்வு மேடை ஒன்றில் பன்றிக் கொழுப்பைத் தடவி அதன் மேல் சறுக்கித் தாவினார். நீர்ச்சறுக்கில் முதல் தாவல் அதுதான். தண்ணீரில் இறங்கும் விமானத்தின் பின்னாலும் கயிறு கட்டிச் சறுக்கினார். ஊர் ஊராகப் போய்க் காட்டினார். ஆனால் காப்புரிமை வாங்கவில்லை. பிறகு முதுகில் அடிபட்டது. சாகசத்தை விட்டுவிட்டு வான்கோழிப் பண்ணை வைத்துப் பிழைக்கத் தொடங்கினார்.

காப்புரிமை வேறொருவருக்குப் போனது. நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரெட் வாலர் 1925இல் 'ஆக்வா ஸ்கீஸ்' என்ற பெயரில் நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். மூன்று புரொஜெக்டர்களைக் கொண்டு அகன்ற திரையில் படம் காட்டும் 'சினிராமா' முறையைப் பின்னாளில் உருவாக்கியவரும் இவரே. சாமுவேல்சனை உலகம் மறந்தே போனது. 1963இல் லேக் சிட்டிக்குப் போன ஒரு பத்திரிகையாளர் அங்கே வைக்கப்பட்டிருந்த பழைய பலகைகளைப் பார்த்து விசாரித்து எழுதிய பிறகுதான் கதை வெளியே வந்தது. 1966இல் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரை முதல்வர் என்று ஏற்றுக்கொண்டது. ஆக, 40 ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த வரலாற்றுக்குச் சாட்சி சொன்னது இரண்டு பழைய மரப் பலகைகள். பழைய பொருளை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் வந்த பலன் இது.

வேடிக்கையிலிருந்து விளையாட்டுக்கு

1936இல் புளோரிடா மாநிலத்தின் வின்டர் ஹேவன் ஊரில் டிக் போப் என்பவர் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்காவைத் திறந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்த சமயம், நீர்ச்சறுக்குப் படம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்த ராணுவ வீரர்கள், அந்தக் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தார்கள். அப்படி ஒரு காட்சியே அங்கு கிடையாது! டிக் போப்பின் மனைவி ஜூலி தன் பிள்ளைகளையும் அவர்களின் நண்பர்களையும் கூட்டி அவசரமாக ஒரு காட்சியைத் தயார் செய்தார். அடுத்து வந்த வீரர்களின் கூட்டம் இன்னும் பெரியது. அன்று தொடங்கிய நீர்ச்சறுக்குக் காட்சி பல பத்தாண்டுகள் நடந்தது. அந்தப் பூங்கா 2009இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 2011இல் லெகோலேண்ட் திறக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1939இல், அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் உருவாகி, நியூயார்க் அருகே ஜோன்ஸ் பீச்சில் முதல் தேசியப் போட்டியையும் நடத்தியிருந்தது. போட்டி என்று வந்துவிட்டால் விதி வேண்டும், அளவு வேண்டும். அந்த அளவுகள்தான் தனி வகைப் படகைப் பிறக்க வைத்தன.

இன்றைய ஸ்லாலம் போட்டியை எடுத்துக்கொண்டால் இது புரியும். படகு நேர்க்கோட்டில் ஓடும். அந்தக் கோட்டின் இருபுறமும் மாறி மாறி ஆறு மிதவைகள். ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும். சறுக்குபவர் ஆறையும் சுற்றி வர வேண்டும். கயிற்றின் முழு நீளம் 18.25 மீட்டர். ஒவ்வொரு முறை வெல்லும்போதும் கயிற்றைக் குறைப்பார்கள். மேல்மட்ட வீரர்களுக்குக் கயிறு 10.25 மீட்டர் வரையும் அதற்குக் கீழேயும் போகும். அதாவது மிதவை இருக்கும் தூரத்தை விடக் கயிறு சின்னது! உடம்பையும் கையையும் நீட்டித்தான் மிச்ச தூரத்தை எட்ட வேண்டும். ஆண்கள் பிரிவில் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர்.

ஒருவர் அவ்வளவு வலுவோடு பக்கவாட்டில் இழுக்கும்போது சாதாரணப் படகு பின்பக்கம் ஆடும், திசை மாறும், வேகம் குறையும். படகு பின்னால் கிளப்பும் அலையும் மேடு போல எழுந்து, குறுக்கே வருபவரைத் தூக்கி எறியும். ஆகவே நீர்ச்சறுக்குக்கு நல்ல படகு என்றால் மூன்று குணம் வேண்டும். நேராகப் போக வேண்டும், வேகம் மாறக் கூடாது, பின்னலை தாழ்வாக இருக்க வேண்டும்.

ஸ்கீ படகு பிறந்த கதை

புளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே பைன் காசில் என்ற இடத்தில் 1925இல் டபிள்யூ. சி. மெலூன் என்பவர் ஒரு படகுப் பட்டறை தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் கரெக்ட் கிராஃப்ட். 1945 தொடக்கத்தில் நேச நாட்டுப் படைகள் ஜெர்மனியின் ரைன் ஆற்றைக் கடக்கப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. மாதம் 48 படகு செய்துகொண்டிருந்த அந்தச் சின்னப் பட்டறையிடம் 300 படகு கேட்டார்கள், அதுவும் சில வாரங்களுக்குள். மெலூன் குடும்பம் மதப்பற்று மிக்கது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டே ஒப்புக்கொண்டது. கெடுவுக்கு முன்பே செய்து முடித்தது.

அதே நிறுவனம் 1958இல் திவால் மனு கொடுக்கும் நிலைக்கு வந்தது. ராணுவத்துக்குச் செய்த ஃபைபர் படகுகளில் பல நிராகரிக்கப்பட்டது அதற்கு முக்கியக் காரணம். நிறுவனம் மெல்ல எழுந்து நின்றது. சட்டப்படி கொடுக்கத் தேவையில்லாத பழைய கடனையும் கடன் கொடுத்தவர்களைத் தேடிப் பிடித்து 1984 வரை திருப்பிக் கொடுத்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி.

அந்த நிறுவனம் நிமிர்ந்ததில் ஒரு படகுக்கும் பங்கு உண்டு. மயாமியில் நீர்ச்சறுக்குப் பள்ளி நடத்திய லியோ பென்ட்ஸ் என்பவர் தன் தேவைக்காக ஒரு ஃபைபர் படகை வடிவமைத்திருந்தார். 'ஸ்கீ நாட்டிக்' என்று பெயரும் வைத்திருந்தார். 1961இல் அந்த அச்சையும் பெயரையும் கரெக்ட் கிராஃப்ட் வாங்கிக்கொண்டது. 1968இல் டென்னசி மாநிலத்தில், இன்னொரு நீர்ச்சறுக்குப் பள்ளிக்காரரான ராப் ஷெர்லி தன் பண்ணைக் கொட்டகையில் செய்த படகிலிருந்து மாஸ்டர்கிராஃப்ட் நிறுவனம் பிறந்தது. ஆக, இரண்டு பெரிய பெயர்களுமே நீர்ச்சறுக்கு சொல்லிக் கொடுத்தவர்களின் அனுபவத்தில் முளைத்தவை.

இந்தப் படகுகளின் அமைப்பு எளிமையானது. எஞ்சின் பின்னால் தொங்காது. படகின் நடுவில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு ஷாப்ட் சாய்வாகத் தரையைத் துளைத்துக்கொண்டு போய்ப் படகுக்கு அடியில் புரொப்பெல்லரைச் சுழற்றும். எடை நடுவில் இருப்பதால் பின்பக்கம் ஆழமாக அமுங்காது, அலையும் தாழ்வாக இருக்கும். அடியில் சிறு உலோகத் துடுப்புகள் மீனின் செதில் போல நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு இழுப்பில் படகு வழுக்காமல் அவை பிடித்துக்கொள்ளும். கயிறு கட்டும் கம்பமும் படகின் நடுவிலேயே நிற்கும்.

எஞ்சின்? அது கார் எஞ்சின்தான். ஃபோர்டு நிறுவனத்தின் 5.8 லிட்டர் எஞ்சினும் செவ்ரலேயின் 5.7 லிட்டர் எஞ்சினும் ஆயிரக்கணக்கான படகுகளில் ஏறின. தண்ணீரில் ஓடுவதற்கேற்ப அவற்றில் சில மாற்றங்கள் செய்தார்கள். காரில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே ஏரித் தண்ணீர் செய்கிறது. ரப்பர் இறக்கைகள் கொண்ட ஒரு பம்ப் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினுக்குள் சுற்றவிட்டுப் புகையோடு சேர்த்து வெளியே தள்ளும்.

உள்ளே ஒளிந்திருந்த மரம்

கண்ணாடி நாரைப் பாலியெஸ்டர் பிசினில் ஊறவைத்து அச்சில் படிய வைத்தால் கிடைப்பதுதான் ஃபைபர் கிளாஸ். நம்மூர் மீனவர்கள் 'ஃபைபர் போட்' என்று சொல்வதும் இதே பொருளில் செய்ததுதான். 1940களில் இந்த முறை படகுகளுக்கு வந்தது. மரப் படகு போல ஆண்டுதோறும் இடைவெளி அடைத்து வர்ணம் அடிக்கும் வேலை இல்லை. இனிப் படகு மக்கவே மக்காது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆனால் ஃபைபர் ஓடு தனியாக நின்றால் வளையும். விறைப்பாக நிற்க உள்ளே முதுகெலும்பு வேண்டும். அதற்காக நீளவாக்கில் மரக்கட்டைகளை வைத்து அவற்றின் மேல் ஃபைபரைப் போர்த்தினார்கள். இவற்றுக்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர். எஞ்சின் உட்கார்வதும் இவற்றின் மேல்தான். தரைக்கு ஒட்டுப்பலகை. எல்லாவற்றையும் ஃபைபரால் மூடிவிட்டால் தண்ணீர் எப்படிப் போகும்?

எஞ்சினை முடுக்கிய போல்ட்டுகள் வழியாகப் போனது! இருக்கைகளுக்கும் பெட்டிகளுக்கும் போட்ட திருகாணித் துளைகள் வழியாகவும் போனது. மழையில் மூடாமல் நின்ற படகில் தரைக்கம்பளம் ஊறி ஊறி அந்த ஈரமும் இறங்கியது. காற்றும் ஈரமும் மரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளியே ஃபைபர் போர்வை அப்படியே இருக்க, உள்ளே மரம் ஈரத் தூளாக மாறியது.

இதில் ஒரு முரண் உண்டு. 1971இல் அமெரிக்காவில் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி 20 அடிக்குக் குறைவான படகு தண்ணீர் நிரம்பினாலும் முழுதாக மூழ்கிவிடக் கூடாது. ஸ்கீ படகுகள் பெரும்பாலும் 18, 19 அடிதான். எனவே தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் மிதக்கும் நுரையை ஊற்றி நிரப்பினார்கள். உயிரைக் காக்க வந்த ஏற்பாடு அது, நியாயமானதும்கூட. ஆனால் பல ஆண்டுகள் போனபின் அந்த நுரை தண்ணீரை உறிஞ்சி, ஈரத் துணி போல மரத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. மரம் காயவே வழியில்லை. படகின் எடையும் கூடியது. படகு மூழ்காமல் இருக்கப் போட்ட நுரையே படகின் எலும்பை அரித்தது.

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக மரத்தைக் கைவிட்டு முழுக்க ஃபைபரும் கலப்புப் பொருளுமான ஸ்ட்ரிங்கருக்கு மாறினார்கள். அதற்கு முன் செய்த படகுகள்தான் இன்று குறைந்த விலைக்கு வந்து நிற்பவை.

படகுக்கு வந்த சக்கரம்

பழைய நாளில் படகு வைத்திருப்பவர் என்றால் ஏரிக்கரையில் வீடோ படகுக் கொட்டகையோ வைத்திருப்பவர். போருக்குப் பின் அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கார் வந்தது. அணைகள் கட்டியதால் புதிய நீர்த்தேக்கங்கள் வந்தன. 1956 சட்டத்துக்குப் பின் நெடுஞ்சாலைகள் பெருகின. காரின் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டால் நகரத்தில் இருப்பவரும் ஏரிக்குப் போகலாம் என்றானது. 1984இல் திருத்தப்பட்ட சட்டம், மோட்டார் படகு எரிபொருள் வரியிலிருந்து வரும் பணத்தின் ஒரு பங்கைப் படகு இறக்கும் சரிவுகள் போன்றவற்றுக்குச் செலவிட வழி செய்தது. பணக்காரர் விளையாட்டு பொது விளையாட்டானதில் ட்ரெய்லருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ட்ரெய்லரின் வாழ்க்கை கொடுமையானது. நெடுஞ்சாலையில் ஓடும்போது சக்கரத்தின் ஹப் சூடாகும். அந்தச் சூட்டோடு சரிவில் பின்னோக்கி இறக்கி ஏரியின் குளிர்ந்த நீரில் முக்குவார்கள். உள்ளே இருந்த காற்று சுருங்கும். அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே புகும். கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். அடுத்த பயணத்தில் நடு ரோட்டில் சக்கரம் கழன்று ஓடும். இதற்காகவே ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடிகள் வந்தன. அவை உள்ளே எப்போதும் லேசான அழுத்தத்தை வைத்திருந்து தண்ணீரை வெளியிலேயே நிறுத்தும்.

எங்கிருந்து தொடங்குவது

பழைய படகைப் புதுப்பிக்கும் பலரும் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குவது. புது இருக்கை, புது கம்பளம், புது ஸ்பீக்கர் என்று பணத்தைச் செலவழித்த பிறகு தரை அமுங்கினால், போட்ட அத்தனையையும் பிடுங்க வேண்டியதுதான். அனுபவசாலிகள் சொல்லும் வரிசை தலைகீழ். முதலில் ட்ரெய்லர், பிறகு எலும்புக்கூடு, பிறகு எஞ்சின், அழகு கடைசி.

ட்ரெய்லர் ஏன் முதலில்? வாங்கிய படகை வீட்டுக்குக் கொண்டுவருவதே அதில்தான். டயரில் பட்டன் தேய்ந்திருக்காது, பார்க்கப் புதுசு போலிருக்கும். ஆனால் ஆண்டில் சில நாள் மட்டும் ஓடி மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கும் டயர், தேய்வதற்கு முன்பே வயதாகிக் கெட்டுவிடும். 2000ஆம் ஆண்டிலிருந்து டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பொறிக்கப்படுகிறது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர்! சட்டத்தின் இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிப்பதால் அதையும் தட்டித்தான் பார்க்க வேண்டும். பழைய பல்பு விளக்குகள் சூடாக இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் வெடிக்கும். அவற்றுக்குப் பதில் நன்றாக மூடப்பட்ட எல்.இ.டி. விளக்குகள் போடுவது செலவு குறைந்த, பலன் நிறைந்த மாற்றம். துருப்பிடித்த டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றுவோரும் உண்டு.

அடுத்து எலும்புக்கூடு. எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டுத் தரையை அறுத்து எடுப்பார்கள். ஊறிய நுரையை மண்வெட்டியால் வெட்டி வாளி வாளியாக அள்ளிக் கொட்ட வேண்டும். அதன் பிறகு கவனம் மிக அவசியம். எல்லா ஸ்ட்ரிங்கரையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் ஃபைபர் ஓடு தன் வடிவை இழந்து தொய்யும். அப்படியே புது மரம் வைத்து ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரம். ஆகவே படகின் அடிப்பாகத்துக்கு நன்றாக முட்டுக்கொடுத்து, அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாக வைப்பார்கள். பழைய ஃபைபர் மேல் புதியது பிடிக்க, பாலியெஸ்டரை விட எபாக்சி பிசின் நன்றாக ஒட்டும். விலைதான் அதிகம். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும், மூச்சில் போனால் கேடு. முகமூடி இல்லாமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

எடுத்த மரத்துக்குப் பதில் மீண்டும் மரமா, மக்காத கலப்புப் பொருளா என்பது பழைய படகு விரும்பிகள் இடையே முடியாத வாதம். மரம் போதும், திருகாணித் துளைகளை எபாக்சியால் ஒழுங்காக அடைத்தால் இன்னும் 30 ஆண்டு தாங்கும் என்பது ஒரு கட்சி. செய்வதோ ஒரு முறை, மக்காததையே வைத்துவிடலாம் என்பது மறு கட்சி.

பிறகு எஞ்சின். அதை வைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எஞ்சினும் ஷாப்டும் இணையும் இரண்டு தட்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கம். தலைமுடி பருமனை ஒத்த அளவு அது. மெல்லிய தகடுகளை நுழைத்து நுழைத்து அளந்து பார்ப்பார்கள். இது தவறினால் படகு முழுவதும் நடுங்கும், பேரிங்குகள் தேயும். புதிய ஸ்ட்ரிங்கரின் நேர்த்திக்கும் இதுவே பரீட்சை.

கார் பாகம் போடலாமா?

கார் எஞ்சின்தானே, பாகமும் கார்க்கடையில் வாங்கினால் மலிவுதானே என்று தோன்றும். உள்ளே இருக்கும் சில பாகங்களுக்கு அது சரி. சில படகுகளில் எஞ்சின் காருக்கு எதிர்த்திசையில் சுழலும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் உயிருக்கு ஆபத்து.

காரின் எஞ்சினுக்கு அடியில் திறந்த வெளி. கசியும் பெட்ரோல் ஆவி காற்றோடு போய்விடும். படகில் எஞ்சின் ஒரு தொட்டிக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, அடியில் தேங்கும். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டரில் ஒரு சிறு பொறி பறந்தால் போதும், படகே குண்டாகிவிடும். அதனால்தான் படகுக்கான மின் பாகங்கள் பொறி வெளியே வராதபடி மூடப்பட்டிருக்கும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். 1940 முதலே அமெரிக்கச் சட்டம் கார்புரேட்டர் மேல் தீத்தடுப்பு வலை கேட்கிறது. 1980 ஆகஸ்டு முதல் செய்த படகுகளில் ஆவியை வெளியே தள்ளும் மின்விசிறியும் கட்டாயம். எஞ்சினைக் கிளப்பும் முன் அதை நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும். பழைய படகைப் புதுப்பிப்பவர் முதலில் சோதிக்க வேண்டியவற்றில் இந்தச் சின்ன விசிறியும் ஒன்று.

இன்னொரு எதிரி குளிர். ஏரித் தண்ணீர் எஞ்சினுக்குள் நின்றபடி உறைந்தால் விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஒரே ஓர் இரவு, இரண்டு திருகு மூடிகளைத் திறந்து தண்ணீரை வடிக்க மறந்தால் எஞ்சின் போச்சு. குளிர்காலம் முடிந்து மலிவாக விற்பனைக்கு வரும் படகுகளில் இந்த ரகமும் உண்டு.

எது புதுமை, எது பழமை

எலும்பும் எஞ்சினும் சரியான பிறகு மேம்பாடு. பிளாட்டினம் புள்ளிகளுக்குப் பதில் மின்னணு இக்னிஷன் போட்டால் ஸ்டார்ட் ஆவது எளிது. நவீன எந்திரத்தில் கடைந்த புரொப்பெல்லர் போட்டால் அதே எஞ்சின் இளமை திரும்பியது போல இழுக்கும். 1990களில் கனடாவில் உருவான 'பெர்ஃபெக்ட் பாஸ்' போன்ற கருவிகள், ஓட்டுநரின் கைத்திறமையை நம்பியிருந்த வேகக் கட்டுப்பாட்டை மின்னணுவிடம் ஒப்படைத்தன. பின்னர் ஜி.பி.எஸ். வைத்து வேகத்தைக் கணக்கிடும் முறை வந்தது. பழைய படகிலும் இவற்றைப் பொருத்தலாம். 1980களின் படகு ஒன்று இன்றைய வீரரை இன்றைய துல்லியத்தோடு இழுக்க முடிவது இதனால்தான்.

1990களில் வேக்போர்டிங் பரவியபோது உயரமான உலோகச் சட்டம் வந்தது. கயிற்றை மேலிருந்து கட்டினால் சறுக்குபவர் உயரத் தாவ முடியும். பழைய ஸ்கீ படகிலும் அதை மாட்டுகிறார்கள். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தாழ்ந்த அலைக்காகவே பிறந்த படகு அது. வேக்போர்டுக்கு வேண்டியதோ உயர்ந்த அலை. அதற்காகத் தண்ணீர்ப் பைகளை ஏற்றி எடை கூட்டுவார்கள். பழைய ஸ்ட்ரிங்கர் அந்தச் சுமையைச் சுமக்கப் பிறந்ததல்ல. மேம்பாடு என்ற பெயரில் செய்யும் எல்லாமே மேம்பாடு ஆகிவிடாது.

பொதுவாக ஒரு விதி சொல்லலாம். உயிரைக் காக்கும் பாகங்களில் பழமைக்கு இடமில்லை. மின்கம்பி, எரிபொருள் குழாய், ஆவி விசிறி, பிரேக், டயர் எல்லாம் இன்றைய தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் படகின் வடிவம், எடை, எஞ்சின் இருக்கும் இடம் ஆகியவை யாரோ பல ஆண்டு சறுக்கிப் பார்த்துக் கண்டறிந்தவை. அவற்றில் கை வைத்தால் மிஞ்சுவது பழைய படகும் இல்லை, புதிய படகும் இல்லை.

செலவுக் கணக்குப் போட்டால் பலருக்கு இது நட்டக் கணக்கு. உழைப்புக்குக் கூலி போட்டால் இன்னும் மோசம். இருந்தும் ஏன் செய்கிறார்கள்? ஃபைபர் மக்காது, எளிதில் உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. கைவிட்டால் அது குப்பைமேட்டில் பல தலைமுறைக்குக் கிடக்கும். காப்பாற்றினால் இன்னொரு தலைமுறை அதன் பின்னால் சறுக்கப் பழகும்.

லேக் சிட்டியில் யாரோ ஒருவர் இரண்டு பழைய பலகைகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் சாமுவேல்சனின் பெயர் அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குத் திரும்பிக் கிடைத்தது. 1977இல் அவர் மறைந்தார். அந்த ஊரில் இன்றும் கோடையில் நீர்ச்சறுக்கு விழா நடக்கிறது. கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் பழைய ஸ்கீ படகுக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. குனிந்து ஒரு முறை தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.